சமன்பாட்டைத் தீர்க்கத் தெரியும், எழுதத் தெரியாது: ஒரு மாணவியோடு ஆறு வாரம்

முதல் நாள் அவள் நோட்டைத் திறந்து காட்டியபோது எனக்குக் குறை எதுவும் கண்ணில் படவில்லை. 3த + 7 = 22 மாதிரியான கணக்குகளைப் பக்கம் பக்கமாகப் போட்டிருந்தாள். எல்லாம் சரி. 7 அந்தப் பக்கம் போய் −7 ஆகிறது, 3 கீழே இறங்குகிறது, த = 5, அடியில் இரட்டைக் கோடு. இவ்வளவு ஒழுங்காகப் போடுகிறவளுக்கு இயற்கணிதத் தேர்வில் ஏன் பாதி மதிப்பெண் போகிறது?

பதில் நோட்டின் கடைசிப் பக்கங்களில் இருந்தது. வாக்கியக் கணக்குகள். கேள்வியை முழுசாகப் பார்த்து எழுதியிருந்தாள். அதன் கீழே ‘தீர்வு:’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள். அதற்குக் கீழே வெறும் தாள். அப்படி ஐந்து பக்கம்.

எட்டாம் வகுப்பு, 13 வயது. வாரம் இரண்டு முறை, முக்கால் மணி நேரம், ஆறு வாரம் என்று பேசிக்கொண்டோம். ஒவ்வொரு முறையும் அவள் எழுதிய தாள்களை வாங்கி வைத்துக்கொண்டேன். கீழே இருப்பது அந்தத் தாள்களைப் பார்த்து எழுதியது. பாடப்புத்தகத்தில் எக்ஸ், ஒய் என்றுதான் வரும். நாங்கள் ஆரம்பத்திலேயே தமிழ் எழுத்துகளுக்கு மாறிவிட்டோம், அதையே இங்கேயும் வைத்திருக்கிறேன்.

எங்கே சறுக்குகிறது

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆன் நியூமன் 1977-இல் ஒரு முறையைச் சொன்னார். வாக்கியக் கணக்கில் தப்பு வந்தால் ஐந்து இடங்களில் தேட வேண்டும்: வாசிப்பதில், புரிந்துகொள்வதில், கணித வடிவத்துக்கு மாற்றுவதில், கணக்குப் போடுவதில், விடையைத் திரும்ப வாக்கியமாக எழுதுவதில். நான் பல வருடமாக இதைத்தான் பயன்படுத்துகிறேன். ‘வாசி. என்ன கேட்கிறார்கள்? எப்படிப் போடப்போகிறாய்? போட்டுக் காட்டு. விடையை எழுது.’ எந்தக் கேள்வியில் பிள்ளை மௌனமாகிறதோ, அங்கேதான் வேலை.

இவள் வாசித்தாள். கேட்டதற்குக் கதையைச் சொந்த வார்த்தையில் சொன்னாள். மூன்றாவது கேள்வியில் பென்சில் நின்றுவிட்டது. பத்து வாக்கியங்களைக் கொடுத்து, தீர்க்க வேண்டாம், சமன்பாடு மட்டும் எழுது என்றேன். இரண்டு சரி.

இதில் ஒரு வேடிக்கை. ‘ஒரு எண்ணின் மும்மடங்கோடு 7-ஐக் கூட்டினால் 22. அந்த எண் என்ன?’ என்ற கேள்விக்குச் சமன்பாடே எழுதாமல் 5 என்று சொல்லிவிட்டாள். 22-இல் 7 போனால் 15, அதில் மூன்றில் ஒரு பங்கு 5. அவளைக் குறை சொல்ல முடியாது. பின்னோக்கி நடந்து வீட்டுக்குப் போக முடிகிறபோது வரைபடம் எதற்கு? சமன்பாடு எழுதச் சொல்லும் முதல் கணக்குகள் பெரும்பாலும் இந்த ரகம்தான். எழுதாமலே விடை வந்துவிடும். பிள்ளைகளுக்கு அது வாத்தியாரின் பிடிவாதமாகத்தான் தெரியும்.

அதனால் அடுத்த கணக்கை மாற்றினேன். ‘ஒரு எண்ணின் ஐந்து மடங்கிலிருந்து 4-ஐக் கழித்தாலும், அதே எண்ணின் மூன்று மடங்கோடு 10-ஐக் கூட்டினாலும் ஒரே விடை வருகிறது.’ இதில் எங்கிருந்து பின்னோக்கி நடப்பது? தெரியாத எண் இரண்டு பக்கமும் நிற்கிறது. ஐந்து நிமிடம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், “இதுக்கு ஏதாவது எழுதித்தான் ஆகணும் போல, சார்” என்றாள். (விடை 7, இரண்டு பக்கமும் 31.)

நான் செய்த தப்பு

முதல் வாரம் நான் ஓர் அட்டவணை போட்டுக் கொடுத்தேன். ‘கூடுதல்’ என்றால் கூட்டல். ‘குறைவு’ என்றால் கழித்தல். ‘மடங்கு’ என்றால் பெருக்கல். ‘பங்கு’ என்றால் வகுத்தல். வழிகாட்டி நூல்களில் எல்லாம் இருக்கும் அட்டவணை. அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அட்டையில் எழுதி நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

இரண்டாவது வாரமே அது திருப்பியடித்தது. ‘அக்காவின் உயரம் தங்கையின் உயரத்தைவிட 14 செ.மீ. கூடுதல். அக்காவின் உயரம் 152 செ.மீ. தங்கையின் உயரம் என்ன?’ அட்டையைப் பார்த்தாள், ‘கூடுதல்’ என்று இருந்தது, 152 + 14 = 166 என்று எழுதினாள். தங்கை அக்காவைவிட உயரமாகிவிட்டதை அவள் கவனிக்கவில்லை. அட்டை இருக்கும்போது கதையை எதற்குப் படிக்க வேண்டும்? முதல் நாள் கதையை அழகாகச் சொன்ன பெண்ணை, சொல்லைப் பொறுக்குகிறவளாக மாற்றியது நான்தான். அட்டையைக் கிழிக்கச் சொல்ல மனம் வரவில்லை. “இதை வீட்டிலேயே வைச்சிடும்மா” என்றேன்.

உருபில் இருக்கிறது திசை

சொல்லைப் பார்க்கக் கூடாது என்றால் எதைப் பார்ப்பது? அவள் எழுதிய தப்புகளை வரிசையாக அடுக்கியபோதுதான் எனக்கே உறைத்தது. கூட்டலில் அவளுக்குப் பிரச்சினை இல்லை. கழித்தலிலும் வகுத்தலிலும்தான் எண்கள் இடம் மாறுகின்றன. ‘த-வை 7-லிருந்து கழிக்க’ என்பதற்கு த − 7 என்று எழுதியிருந்தாள். ‘12-ஆல் த-வை வகுக்க’ என்பதற்கு 12 ÷ த. இடமிருந்து வலமாக, வாக்கியத்தில் எது முதலில் வருகிறதோ அதையே முதலில் எழுதுகிறாள்.

தமிழில் அப்படி எழுதவே முடியாது. நம் மொழியில் சொற்கள் தாராளமாக இடம் மாறும். ‘7-லிருந்து த-வைக் கழி’, ‘த-வை 7-லிருந்து கழி’ இரண்டும் ஒன்றுதான், இரண்டுமே 7 − த. யாரிடமிருந்து யார் போகிறார் என்பதைச் சொல்வது சொல்லின் வரிசை கிடையாது, அதன் வாலில் ஒட்டியிருக்கும் வேற்றுமை உருபு. ‘இலிருந்து’ எதில் ஒட்டியிருக்கிறதோ அது முதலில் நிற்கும். ‘ஆல்’ எதில் ஒட்டியிருக்கிறதோ அது வகுக்கும் எண், கீழே போகும். ‘ஐ’ ஏறியது கழிபடும், அல்லது வகுபடும்.

தமிழ் இலக்கண வகுப்பில் வேற்றுமையை மனப்பாடம் செய்தவள்தான் இவள். அது கணக்கில் பயன்படும் என்று யாரும் சொன்னதில்லை. எனக்கும் யாரும் சொன்னதில்லை. ஓர் அமர்வு முழுக்கக் கணக்கே போடவில்லை. வாக்கியங்களில் உருபுகளை மட்டும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டோம்.

அடுத்தது அடைப்புக்குறி. ‘ஒரு எண்ணின் இரு மடங்கோடு 3-ஐக் கூட்டு’, ‘ஒரு எண்ணோடு 3-ஐக் கூட்டி, அதை இரு மடங்காக்கு’. இரண்டுக்கும் 2த + 3 என்றே எழுதினாள். முதலாவதுக்கு அது சரி. இரண்டாவதுக்கு 2(த + 3) வர வேண்டும்.

“இரண்டாவது வாக்கியத்துல ‘அதை’ன்னு இருக்கே, எதை?” என்று கேட்டேன்.

“கூட்டி வந்ததை.”

“கூட்டி வந்தது எது? கையால மூடிக் காட்டு.”

தாளில் ‘த + 3’ என்று எழுதி அதன் மேல் இரண்டு விரலை வைத்தாள், ஒன்று இந்தப் பக்கம், இன்னொன்று அந்தப் பக்கம். விரல் இருந்த இடத்திலேயே வளைவு போடச் சொன்னேன். அடைப்புக்குறி வந்துவிட்டது. ‘கூட்டி’, ‘கழித்து’, ‘பெருக்கி’ என்று வினையெச்சம் வந்தால் அந்த வேலை முதலில் முடிய வேண்டும். பின்னால் ‘அதை’ வந்தால் முடிந்ததை எல்லாம் அடைத்து வை. இப்படி ஒரு விதி எங்கள் இரண்டு பேருக்கும் அன்று கிடைத்தது. எல்லா வாக்கியத்துக்கும் இது பொருந்தாது, ஆனால் பள்ளிப் புத்தகத்து வாக்கியங்களில் முக்கால்வாசியைத் தாண்ட உதவியது.

எழுத்து என்பது யார்?

மூன்றாவது வாரம் இந்தக் கணக்கு: ‘ஓர் அரங்கில் ஒவ்வொரு வரிசையிலும் 8 நாற்காலிகள். வரிசைகளுக்கும் நாற்காலிகளுக்கும் உள்ள தொடர்பைச் சமன்பாடாக எழுது.’

8நா = வ என்று எழுதினாள், தயக்கமே இல்லாமல். ‘எட்டு நாற்காலி, ஒரு வரிசை’ என்று விளக்கமும் சொன்னாள்.

இந்தத் தப்புக்கு ஒரு வரலாறே இருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கிளெமென்ட் முதலாண்டுப் பொறியியல் மாணவர்களிடம் இதேபோல் ஒரு கேள்வி கேட்டார்: ஒரு பேராசிரியருக்கு ஆறு மாணவர்கள் என்ற கணக்கில், மாணவர் எண்ணிக்கைக்கும் பேராசிரியர் எண்ணிக்கைக்கும் சமன்பாடு எழுதுங்கள். 150 பேரில் 37 சதவீதத்தினர் தவறவிட்டார்கள் என்று அவரது 1982-ஆம் ஆண்டுக் கட்டுரை சொல்கிறது. தவறியவர்களில் பெரும்பாலோர் ஆறை மாணவர் பக்கமே வைத்துவிட்டார்கள். கல்லூரிக்குப் போன பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கும் தப்பு இது. 13 வயதுப் பெண்ணைக் கடிந்துகொள்ள ஒன்றுமில்லை.

காரணம் எளிது. அவளுக்கு ‘நா’ என்பது நாற்காலி. எனக்கு ‘நா’ என்பது நாற்காலிகளின் எண்ணிக்கை. அவள் எழுதியது சுருக்கெழுத்து, 12 அங்குலம் = 1 அடி என்று எழுதுகிற மாதிரி. அங்கே அங்குலமும் அடியும் அலகுகள். இங்கே எழுத்து எண்ணைத் தாங்கி நிற்க வேண்டும். பொருளின் முதல் எழுத்தையே மாறியாக வைப்பது நல்ல பழக்கம் என்று நாமே சொல்லிக் கொடுக்கிறோம். அந்தப் பழக்கம்தான் இந்தக் குழியை வெட்டுகிறது. அன்றிலிருந்து பொருளின் பெயரோடு சம்பந்தமில்லாத எழுத்தை மட்டும் வைப்பது என்று முடிவு செய்தோம். கூடவே, ஒவ்வொரு கணக்கின் தலையிலும் ஒரு வரி: ‘த = வரிசைகளின் எண்ணிக்கை’. ‘த = வரிசை’ என்று எழுதினால் நான் அழித்துவிடுவேன்.

அன்று அவளுக்கு ஒரு பழங்கதையும் சொன்னேன். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாஸ்கரர் தம் பீஜகணிதத்தில் தெரியாத எண்ணை ‘யாவத்தாவத்’ என்று சொன்னார். ‘எவ்வளவோ அவ்வளவு’ என்று பொருள். தெரியாத எண்கள் ஒன்றுக்கு மேல் இருந்தால் அடுத்தவற்றுக்கு நிறங்களின் பெயர்: காலகம், நீலகம் என்று. கருப்பு, நீலம். எழுதும்போது முதல் எழுத்து மட்டும்: யா, கா, நீ. எக்ஸ், ஒய், இசட் என்பதை டெக்கார்ட் 1637-இல் வெளியிட்ட வடிவியல் நூலுக்குப் பிறகுதான் உலகம் பிடித்துக்கொண்டது. எனக்கு எக்ஸைவிட யாவத்தாவத் பிடிக்கும், அந்தப் பெயரிலேயே அளவு இருக்கிறது. அவளுக்கும் பிடித்தது. அதன்பிறகு சமன்பாட்டை வாசிக்கும்போது ‘எட்டு த’ என்று சொல்வதை விட்டுவிட்டு ‘எவ்வளவோ, அதைப் போல எட்டு மடங்கு’ என்று வாசிக்க ஆரம்பித்தாள். நீளமாகத்தான் இருக்கும். இருக்கட்டும் என்று விட்டேன்.

சரி, 8நா = வ தப்பு என்று அவளுக்கு எப்படி நிரூபிப்பது? நான் சொன்னால் கேட்டுக்கொள்வாள், நம்ப மாட்டாள். “மூணு வரிசை இருந்தா எத்தனை நாற்காலி?” என்றேன். 24. “அப்ப நீ எழுதினதுல 24-ஐயும் 3-ஐயும் போட்டுப் பார்.” 8 × 24 போட்டாள். 192. மறுபக்கம் 3. கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு 8-ஐ அழித்து இந்தப் பக்கம் கொண்டுவந்தாள்: நா = 8வ. 24 = 24.

எனக்கு இந்த ஆறு வாரத்தில் முக்கியமான நிமிடம் இதுதான். அதுவரை அவளுக்கு ‘சமன்பாடு எழுதுதல்’ ஒரு பாடம், ‘பிரதியிட்டு மதிப்பு காணுதல்’ வேறொரு பாடம். புத்தகத்திலும் இரண்டும் வேறு வேறு பயிற்சி. இப்போது ஒன்று மற்றொன்றைச் சோதிக்கும் கருவியாகிவிட்டது. இனி அவள் எழுதியது சரியா தப்பா என்று பார்க்க என் முகத்தைப் பார்க்க வேண்டாம்.

காலி அடைப்புக்குறி

ஆனால் அந்தக் கருவியே மழுங்கலாக இருந்தது. த = −2 எனில் த² − 4த + 1-இன் மதிப்பு என்ன என்று கேட்டதற்கு அவள் எழுதியது:

−2² − 4−2 + 1 = −4 − 4 − 2 + 1 = −9

த இருந்த இடத்தில் −2-ஐ அப்படியே ஒட்டவைத்திருக்கிறாள். 4த என்பதில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த பெருக்கல் குறி, எழுத்து போனதும் கூடவே போய்விட்டது. −2² என்று எழுதியதில் வர்க்கம் 2-க்கு மட்டும் போய், குறி வெளியே நின்றுவிட்டது. அவள் எழுதியதை எழுதியபடி கணக்கிட்டால் −9 சரிதான். கணக்கில் தப்பில்லை, எழுதியதில்தான்.

இதற்கு மருந்து ஒன்றே ஒன்று. எண்ணைப் போடுவதற்கு முன் எழுத்தை அழித்து, அந்த இடத்தில் காலி அடைப்புக்குறியை மட்டும் எழுது:

( )² − 4( ) + 1

அப்புறம் உள்ளே −2-ஐ வை: (−2)² − 4(−2) + 1 = 4 + 8 + 1 = 13. இரண்டு வரி எழுதுவது சோம்பேறித்தனத்துக்கு எதிரானதுதான், முனகினாள். மூன்று நாள் கழித்து −த² என்ற கோவையில் த = −3 கேட்டபோது −( )² என்று எழுதி, −(−3)² = −9 என்று அவளாகவே கொண்டுவந்தாள். வெளியே இருக்கும் கழித்தல் குறி வேறு, உள்ளே போன கழித்தல் குறி வேறு என்று பிரித்துப் பார்க்கப் பழகியிருந்தாள்.

சமக்குறியிலும் ஒரு சிக்கல் இருந்தது. மதிப்பு காணும்போது 3 × 4 = 12 + 5 = 17 என்று சங்கிலியாக எழுதுவாள். 3 × 4-உம் 17-உம் சமம் என்று ஆகிவிடுகிறது. அவளுக்கு அந்தக் குறி ‘இப்போ விடை வருது’ என்ற மணியடி. இது அவள் ஒருத்தியின் கதை இல்லை. அமெரிக்காவில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 145 பேரிடம் 8 + 4 = □ + 5 என்று கொடுத்தபோது, அத்தனை பேரும் 12 அல்லது 17 என்று எழுதினார்கள். 1999-இல் ஃபால்க்னர், லெவி, கார்பென்டர் மூவரும் எழுதிய கட்டுரையில் வந்த செய்தி இது. 7 என்று ஒருவர்கூட எழுதவில்லை. நான் அதே கணக்கைக் கொடுத்தேன். இவளும் 12 என்றாள்.

இதற்காகத் தனியாகப் பாடம் எடுக்கவில்லை. 1557-இல் ராபர்ட் ரெக்கார்ட் இந்தக் குறியை உருவாக்கியபோது ஏன் இரண்டு இணைகோடு போட்டார் என்று மட்டும் சொன்னேன். இரண்டு இணைகோடுகளைவிடச் சமமான இரண்டு பொருள் வேறு இல்லை என்று நினைத்தாராம். அதன்பிறகு அவள் மதிப்பு காணும்போது ஒவ்வொரு படியையும் தனி வரியில், சமக்குறிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுத வைத்தேன். சங்கிலி தானாக அறுந்தது.

விடையை ஊகித்துச் சமன்பாட்டைப் பிடிப்பது

நான்காவது வாரம். ‘ஒரு செவ்வகத்தின் நீளம், அதன் அகலத்தின் இரு மடங்கைவிட 3 செ.மீ. குறைவு. சுற்றளவு 48 செ.மீ. பக்கங்களைக் காண்க.’ உருபுகளை வட்டமிட்டாள். ‘த = அகலம், செ.மீ.-இல்’ என்று எழுதினாள். மறுபடி பென்சில் நின்றது.

“த-வை விடு. அகலம் ஏதோ ஒரு எண்ணுன்னு வச்சுக்கோ. விடை சரியா இருக்கணும்னு இல்ல. சரியான்னு எப்படிச் சோதிப்பேன்னு மட்டும் எழுது, கணக்கை முடிக்காதே.”

அவள் 2 என்று எடுத்தாள். 2 × (2 + (2 × 2 − 3)) = 48 வருகிறதா என்று எழுதினாள். எல்லாம் சரி. “இப்போ நீ ஊகிச்ச எண்ணை அழிச்சிட்டு த போடு” என்றேன்.

த(த + (த × த − 3)) = 48.

எல்லா 2-ஐயும் மாற்றிவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். தப்பு என்னுடையது. சுற்றளவின் 2, இரு மடங்கின் 2, அவள் ஊகித்த 2, எல்லாம் ஒரே முகத்தோடு நிற்கின்றன. கணக்கில் இல்லாத எண்ணை ஊகிக்கச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்து 11 எடுத்தாள், அதன் கீழேயே 7 எடுத்தாள்:

2 × (11 + (2 × 11 − 3)) = 48?
2 × (7 + (2 × 7 − 3)) = 48?

முதல் வரி 60 தருகிறது, இரண்டாவது 36. இரண்டும் பொய். ஆனால் இரண்டு வரியையும் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தால் எது மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்று பளிச்சென்று தெரிகிறது. மாறிய இரண்டு இடத்தில் மட்டும் த-வை வைத்தாள்: 2(த + (2த − 3)) = 48. ‘மாறி’ என்ற பெயர் ஏன் வந்தது என்று நான் விளக்கத் தேவையே இல்லாமல் போனது. த = 9, நீளம் 15.

அதன்பிறகு வந்த கணக்குகளில் எல்லாம் இதுதான் எங்கள் வழி. இரண்டு பொய் விடை, அவற்றைச் சோதிக்கும் இரண்டு வரி, மூன்றாவது வரியில் எழுத்து. வேகமான பிள்ளைகளுக்கு இது சுற்றுவழி. ‘தீர்வு:’ என்ற சொல்லோடு நின்றுபோன பிள்ளைக்கு இது ஒன்றுதான் வழி என்று சொல்வேன். வெறும் தாளில் முதல் கோடு விழுந்துவிடுகிறது.

தீக்குச்சிச் சதுரங்கள்

ஐந்தாவது வாரம் குச்சிகளைக் கொண்டுபோனேன். ஒரு சதுரத்துக்கு 4 குச்சி. பக்கத்தில் ஒட்டி இன்னொரு சதுரம், ஒரு குச்சி இரண்டுக்கும் பொது. மொத்தம் 7. மூன்று சதுரத்துக்கு 10. த சதுரங்களுக்கு எத்தனை?

முதலில் 4த என்று எழுதினாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவளே 2-ஐப் போட்டாள், 8 வந்தது, குச்சியை எண்ணினாள், 7. அழித்தாள். கேட்காமலே சோதித்தது இது முதல் தடவை. அப்புறம் ரொம்ப நேரம் குச்சிகளை நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்த்தாள். நான் எதிர்பார்த்தது 3த + 1: முதல் குச்சி ஒன்று, பிறகு ஒவ்வொரு சதுரத்துக்கும் மூன்று. அவள் எழுதியது இது:

4த − (த − 1)

“ஒவ்வொரு சதுரத்துக்கும் நாலு வச்சிட்டேன். ஆனா நடுவுல ரெண்டு ரெண்டா இருக்கும் இல்ல, அதுல ஒண்ணு ஒண்ணை எடுக்கணும். அது சதுரத்தைவிட ஒண்ணு குறைவு.”

என்னுடையதையும் பக்கத்தில் எழுதினேன். எது சரி? 1 போட்டால் இரண்டிலும் 4. 5 போட்டால் 16, 16. 100-க்கு அவளுடையதில் 400 − 99 = 301, என்னுடையதில் 300 + 1 = 301. “ரெண்டும் எப்பவும் ஒண்ணாவே வருமா?” என்று அவள்தான் கேட்டாள். எத்தனை எண்ணைப் போட்டாலும் ‘எப்பவும்’ என்பதற்குப் பதில் கிடைக்காது. அதற்கு அடைப்புக்குறியைப் பிரிக்க வேண்டும்: 4த − த + 1 = 3த + 1. கழித்தல் குறி உள்ளே போனதும் −1 என்பது +1 ஆவதை விதியாகப் பல தடவை எழுதியிருக்கிறாள், பல தடவை தப்பாகவும் எழுதியிருக்கிறாள். இந்தத் தடவை அந்தக் கூட்டல் ஒன்று எந்தக் குச்சி என்று விரலால் தொட்டுக் காட்டினாள். இடது ஓரத்தில் நின்றது.

சரிபார்த்தும் தப்பிய தப்பு

கடைசி வாரம் வயதுக் கணக்கு. ‘தந்தையின் வயது மகளின் வயதைப்போல் 4 மடங்கு. 6 ஆண்டுகளுக்குப் பிறகு அது 3 மடங்காக இருக்கும். இப்போதைய வயதுகள் என்ன?’

அவள் எழுதியது 4த = 3(த + 6). தீர்த்தாள்: த = 18, தந்தைக்கு 72. சரிபார்த்தாள்: 4 × 18 = 72, 3 × 24 = 72. இரண்டு பக்கமும் சமம். நிம்மதியாக இரட்டைக் கோடு போட்டாள்.

மகளுக்கு 6 வயது ஏறியது, தந்தைக்கு ஏறவில்லை. சமன்பாட்டில் போட்டுப் பார்த்ததால் இது தெரியவில்லை, தெரியவும் செய்யாது. தப்பான சமன்பாட்டைச் சரியாகத் தீர்த்தால் அந்தச் சமன்பாடு ‘சரி’ என்றுதான் சொல்லும். அது தீர்த்ததற்குச் சாட்சி, எழுதியதற்கு இல்லை. இந்த வித்தியாசத்தை நான் முதலிலேயே சொல்லித் தந்திருக்க வேண்டும். பிரதியிட்டுப் பார் என்று நான்கு வாரம் சொன்னவன், எதில் பிரதியிட என்று சொல்லவில்லை.

“விடையைச் சமன்பாட்டுல போடாதே. கதையில போடு.”

மகளுக்கு 18, தந்தைக்கு 72. ஆறு வருடம் கழித்து 24, 78. மூன்று மடங்கா? 24-இன் மும்மடங்கு 72. பொருந்தவில்லை. அவள் 4த-வின் பக்கத்தில் + 6 எழுதினாள். 4த + 6 = 3(த + 6), த = 12. மகளுக்கு 12, தந்தைக்கு 48. பிறகு 18, 54.

அதே வாரம் முதல் நாள் கொடுத்த பத்து வாக்கியங்களையும் எண்களை மட்டும் மாற்றித் திரும்பக் கொடுத்தேன். எட்டு சரி. தவறிய இரண்டும் பின்னக் கணக்குகள். ‘ஒரு எண்ணின் மூன்றில் ஒரு பங்கைவிட 2 கூடுதல்’ என்பதில் மூன்றில் ஒரு பங்கு எதற்கு என்பதில் இன்னும் குழம்புகிறாள், கூட்டிய பிறகு எல்லாவற்றையும் மூன்றால் வகுக்கிறாள். உருபை வட்டமிட்டும் அது நிற்கவில்லை. கோடு வரைந்து மூன்றாகப் பிரித்துக் காட்டலாம் என்று இருக்கிறேன். வேகமும் குறைவுதான். ஒரு வாக்கியக் கணக்குக்கு ஏழெட்டு நிமிடம் எடுக்கிறாள், தேர்வில் அவ்வளவு கிடைக்காது.

கடைசி அமர்வின் முடிவில், நீயே ஒரு கணக்கு உருவாக்கு என்றேன். அவள் எழுதினாள்: ‘ஒரு நூலகத்தில் இரண்டு அலமாரிகள். முதல் அலமாரியில் இருப்பதைவிட இரண்டாவதில் 9 புத்தகங்கள் கூடுதல். மொத்தம் 50. ஒவ்வொன்றிலும் எத்தனை?’ தலையில் ‘த = முதல் அலமாரியில் உள்ள புத்தகங்களின் எண்ணிக்கை’. த + (த + 9) = 50. தீர்த்தாள், 20.5 வந்தது. சமன்பாட்டை இரண்டு தடவை மேலும் கீழும் பார்த்தாள்.

“சமன்பாடு சரியாத்தான் இருக்கு. கதைதான் தப்பு, சார்” என்று சொல்லிவிட்டு, 50-ஐ அடித்து 51 ஆக்கினாள்.